மீட்டர் வைக்கும் முன் வாய் திறந்து சொல்: இளைய எலக்ட்ரீஷியனுக்கு யோசிக்கக் கற்றுக்கொடுப்பது

இரவு 2 மணி 10 நிமிடம். 1,008 கதிர்கள் கொண்ட, நூல் நூற்கும் ரிங் பிரேம் இயந்திரம் ஒன்று, நிறைந்த நூல் கண்டுகளை எடுத்து வெற்றுக் குழல்களை மாட்டிய பிறகு மறுபடி ஓடவில்லை. அன்று பணியில் இருந்தவன் ஐ.டி.ஐ. முடித்து எங்கள் நூற்பாலையில் சேர்ந்து 4 மாதமே ஆன பையன். ஸ்டார்ட் பட்டனை அழுத்தினான், அசைவில்லை. "மோட்டார் போய்விட்டது" என்றான். சற்று நேரத்தில், மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் மின்காந்த ஸ்விட்சான கான்டாக்டர் மேல் சந்தேகம் வந்து அதைக் கழற்றிப் புதிது போட்டான். ஓடவில்லை. மோட்டார் மிகையான மின்னோட்டம் இழுத்தால் நிறுத்திவிடும் ஓவர்லோடு ரிலேயை மாற்றினான். ஓடவில்லை. கடைசியில் மோட்டாரின் டெர்மினல் பெட்டியைத் திறந்து கேபிளைக் கழற்றத் தொடங்கியபோதுதான் யாரோ எனக்குப் போன் செய்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது மணி 3:50. இயந்திரத்தின் பின்கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தது. கதவு முழுதாக மூடினால்தான் சேரும் லிமிட் ஸ்விட்ச் ஒன்று அதில் உண்டு; அது சேரவில்லை. அவ்வளவுதான் கோளாறு.

ஷிப்ட் ஆட்கள் எல்லாரும் நிற்கும்போதே, "மூளையை வீட்டில் வைத்துவிட்டு வந்தாயா?" என்று அவனை வைதேன். அடுத்த ஒரு வாரம் அவன் எதையுமே தனியாகத் தொடவில்லை. ஒரு ட்யூப்லைட் எரியாவிட்டாலும் "அண்ணா, நீங்கள் வந்து பாருங்கள்" என்று போன் செய்தான். யோசித்தால் அடி விழும், கேட்டுக்கொண்டால் விழாது என்பதைத்தான் நான் அவனுக்குக் கற்றுக்கொடுத்திருந்தேன். என் தவறு எனக்குப் புரிய அந்த ஒரு வாரம் போதுமானதாக இருந்தது.

கோவைப் பக்கத்து ஆலைகளில் 26 ஆண்டுகளாக மின் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். கடந்த 11 ஆண்டுகளாக இளையவர்களைப் பழக்கும் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. அந்த இரவுக்குப் பிறகு நான் பழக்கும் முறையையே மாற்றிக்கொண்டேன். அதை இங்கே எழுதுகிறேன். உங்கள் வேலை கணக்குப் பிரிவாக இருக்கலாம், மருத்துவமனையின் ஆய்வுக்கூடமாக இருக்கலாம். எங்கள் கான்டாக்டர் இருக்கும் இடத்தில் உங்கள் பொருளை வைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

குறை எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

"இவனுக்கு லாஜிக் வராது" என்று மேலாளர்கள் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வேறு வேறு குறைகளைப் போட்டு மூடிவிடுகிறார்கள். ஒன்றுக்கு உரிய மருந்து மற்றதற்குப் பயன்படாது.

ஒரு கோடையில், ஆலைக்குள் ஈரப்பதம் காக்கும் பிளான்டில் இருந்த 20 எச்.பி. விசிறி மோட்டார் அடிக்கடி டிரிப் ஆனது, அதாவது ஓவர்லோடு ரிலே அதை நிறுத்தியது. டிப்ளமோ முடித்த ஒருவன் மோட்டாரின் தகட்டைப் படித்தான்: 28 ஆம்பியர். ரிலேயைப் பார்த்தான்: 16-இல் இருந்தது. 28 ஆம்பியர் மோட்டாருக்கு 16-இல் வைத்தால் டிரிப் ஆகத்தானே செய்யும் என்று ரிலேயை 28-க்குத் திருகிவிட்டான். எல்லாரும் அவனை முட்டாள் என்றார்கள். ஆனால் அவன் யோசனையில் எங்கே ஓட்டை? ஓட்டையே இல்லை. அது ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர்; மோட்டாரின் சுற்றுகளை முதலில் ஒரு விதமாகவும் வேகம் எடுத்த பின் வேறு விதமாகவும் இணைப்பது. அங்கே ரிலே இருப்பது மோட்டாரின் உள்சுற்றுக்குப் போகும் வயரில். முழு மின்னோட்டத்தில் சுமார் 58 விழுக்காடுதான் அதன் வழியே போகும். 28-ஐ 0.58-ஆல் பெருக்கினால் 16.2 வரும். பழைய அளவு சரியானது. அதை வைத்தவருக்கு விவரம் தெரிந்திருந்தது. இவனுக்கு அந்த ஒரு செய்தி தெரியாது. அவ்வளவுதான். பத்து நிமிடம் படம் வரைந்து விளக்கினேன். அதன் பிறகு அவன் அந்தத் தவற்றைச் செய்ததில்லை. டிரிப் ஆனதற்கு உண்மைக் காரணம், விசிறியின் பேரிங்கில் கிரீஸ் வறண்டு தண்டு இறுகிச் சுற்றியதுதான்.

இது அறியாமை. சொல்லிக்கொடுத்தால் தீரும். இரண்டாவது வகையினருக்கு எல்லாம் தெரியும். ஆனால் கண்டதிலிருந்து முடிவுக்கு ஒரே தாவாகத் தாவுவார்கள். மூன்றாவது வகை பயம். "தெரியவில்லை" என்று சொன்னால் மதிப்புப் போய்விடும் என்று எதையாவது சொல்லிவைப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் மூவரும் ஒன்றுபோலவே தெரிவார்கள்.

பிரித்துப் பார்க்க எனக்கு ஒரு வழி உண்டு. வேலைக்குச் சம்பந்தமில்லாத, அவனுக்கு நன்கு பழகிய ஒன்றைக் கேட்பேன். கதவு திறந்திருந்த இரவின் பையனிடம் கேட்டேன்: "ஊரில் உன் பைக் உதைத்தும் கிளம்பவில்லை. என்ன செய்வாய்?" யோசிக்கவே இல்லை, மளமளவென்று சொன்னான். பெட்ரோல் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்ப்பேன். பிளக்கைக் கழற்றுவேன். ஈரமாக இருந்தால் பெட்ரோல் வருகிறது, அந்தப் பக்கம் விட்டுவிடலாம். பொறி வருகிறதா என்று பார்ப்பேன். வந்தால் அந்தப் பக்கமும் சரி. இப்படியே போனான். பிளக் ஈரமாக இருந்தால் பெட்ரோல் வழி முழுவதையும் ஒரே அடியில் விலக்கிவிட்டான், பாருங்கள். இதைவிட நல்ல தருக்கத்தை நான் யாரிடம் கேட்பேன்? அவனிடம் அது இருக்கிறது. ரிங் பிரேமின் பேனலைத் திறந்ததும் காணாமல் போகிறது. ஏனென்றால் அந்தப் பெட்டிக்குள் எது எதற்கு முன்னால் வருகிறது என்ற வரைபடம் அவன் மனத்தில் இன்னும் இல்லை.

உளவியல் படிக்கும் என் மகளிடம் இதைச் சொன்னபோது, பீட்டர் வேசன் என்ற ஆங்கிலேய உளவியலாளர் 1966-இல் எழுதிய சீட்டுச் சோதனையைப் பற்றிச் சொன்னாள். எழுத்தும் எண்ணும் எழுதிய நான்கு சீட்டுகள், ஒரு விதி, அந்த விதி பொய்யா என்று அறிய எந்தச் சீட்டுகளைத் திருப்ப வேண்டும் என்பது கேள்வி. படித்தவர்களில்கூடப் பெரும்பாலோர் தவறுகிறார்கள். அதே புதிரை 1982-இல் வேறு இரண்டு ஆய்வாளர்கள், மது அருந்துபவரின் வயதைச் சோதிக்கும் விதியாக மாற்றிக் கொடுத்தபோது பெரும்பாலோர் சரியாகச் சொன்னார்களாம். பொருள் பழகியதாக இருந்தால் அறிவு தானே வேலை செய்கிறது. இதைக் கேட்ட நாளிலிருந்து எந்த இளையவனையும் மந்தம் என்று நான் சொன்னதில்லை.

அந்தச் சோதனையை எங்கள் பேனலுக்கு மாற்றி வைத்திருக்கிறேன். விதி: கான்டாக்டர் இழுத்திருந்தால், அதாவது இணைந்திருந்தால், மேலே விளக்கு எரிய வேண்டும். நான்கு பேனல்கள். முதலாவதில் கான்டாக்டர் இழுத்திருப்பது தெரிகிறது, விளக்கு மறைக்கப்பட்டிருக்கிறது. இரண்டாவதில் கான்டாக்டர் இழுக்கவில்லை, விளக்கு மறைவு. மூன்றாவதில் விளக்கு எரிகிறது, கான்டாக்டர் மறைவு. நான்காவதில் விளக்கு அணைந்திருக்கிறது, கான்டாக்டர் மறைவு. விதி மீறப்பட்டிருக்கிறதா என்று அறிய எவற்றைத் திறந்து பார்க்க வேண்டும்? ஏறக்குறைய எல்லாரும் முதலாவது, மூன்றாவது என்பார்கள். சரியான விடை முதலாவதும் நான்காவதும். மூன்றாவதில் கான்டாக்டர் இழுத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் விதி உடையாது. நான்காவதில் இழுத்திருந்தால் உடையும். புதிதாகச் சேர்ந்தவனிடம் முதல் வாரமே இதைக் கொடுங்கள். தவறினால் கவலைப்படாதீர்கள், காரணத்தை அவன் வாயாலேயே சொல்லும்வரை உடன் உட்கார்ந்திருங்கள்.

நடுவில் கோடு போட்ட நோட்டு

ஒவ்வொருவருக்கும் ஒரு சிறிய நோட்டு வாங்கிக்கொடுக்கிறேன். ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் கோடு. இடப்பக்கம் "கண்டது". வலப்பக்கம் "நினைப்பது". ஒரு கோளாறுக்குப் போனால் முதல் இரண்டு நிமிடம் கையில் கருவி இருக்கக் கூடாது, பேனா மட்டும்.

எளிதாகத் தோன்றும். எளிதல்ல. முதல் நாளில் எல்லாரும் இடப்பக்கத்தில் "மோட்டார் எரிந்துவிட்டது" என்று எழுதுவார்கள். எரிந்ததை நீ கண்டாயா? இல்லை. அப்படியென்றால் எதைக் கண்டாய்? "ஸ்டார்ட்டை அழுத்தினேன், ஓடவில்லை." கான்டாக்டர் இழுக்கும் சத்தம் கேட்டதா? "கேட்கவில்லை." அதை எழுது. அதுதான் கண்டது. கான்டாக்டரே இழுக்கவில்லை என்றால் மோட்டாருக்கு மின்சாரம் போகவே இல்லை. அப்போது மோட்டார் மேல் பழி சொல்ல உனக்கு இன்னும் ஒரு சான்றும் கிடைக்கவில்லை. அன்று இரவு அந்தப் பையன் இந்த ஒரு வரியை எழுதியிருந்தால் கேபிளைக் கழற்றியிருக்க மாட்டான்.

இதைவிட நுட்பமான ஒரு கண்ணி உண்டு. நல்ல அனுபவசாலிகளும் விழுந்திருக்கிறார்கள். மோட்டார் உறுமுகிறது, வேகம் எடுக்கவில்லை. பையன் டெஸ்டரால் மூன்று ஃபேஸையும் தொட்டுப் பார்க்கிறான். மூன்றிலும் சிறு விளக்கு எரிகிறது. "மூன்று ஃபேஸும் இருக்கிறது, மோட்டாரில்தான் கோளாறு" என்கிறான். ஆனால் ஒரு ஃபியூஸ் போயிருந்தாலும், மற்ற ஃபேஸ்களின் மின்சாரம் மோட்டாரின் சுற்றுகள் வழியாகத் திரும்பிவந்து அந்த முனையிலும் டெஸ்டரை எரியவைக்கும். டெஸ்டர் எரிந்தது கண்டது. மூன்று ஃபேஸும் வருகிறது என்பது நினைப்பது. வயரில் ஓடும் மின்னோட்டத்தை அளக்கும் டாங் டெஸ்டரை மூன்று வயரிலும் தனித்தனியாக மாட்டிப் பார்த்தால் ஒன்றில் பூஜ்யம் காட்டும், குட்டு வெளிப்படும். இந்தக் கோளாறை நான் வேண்டுமென்றே ஒரு பழைய மோட்டாரில் உண்டாக்கி, என் மேற்பார்வையில், சில நொடிகள் மட்டும் காட்டுவேன். தன் கண்ணே தன்னை ஏமாற்றியதை ஒருமுறை பார்த்தவன் அதற்குப் பிறகு நோட்டின் நடுக்கோட்டை மதிப்பான்.

மீட்டருக்கு முன் வாய்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். மீட்டரின் முனையை வைப்பதற்கு முன்னால், இளையவன் வாய் திறந்து இரண்டு வாக்கியம் சொல்ல வேண்டும். "இங்கே வோல்ட் வந்தால் இன்னது சரி என்று பொருள், அடுத்து இங்கே போவேன். வராவிட்டால் இன்ன பக்கம் கோளாறு, அங்கே போவேன்." சொல்லவில்லை என்றால் மீட்டர் வைக்கக் கூடாது.

பல இளையவர்கள் அளப்பதையே வேலை என்று நினைக்கிறார்கள். பத்து இடத்தில் அளந்துவிட்டுப் பத்து எண்களோடு நிற்பார்கள். அவற்றை வைத்து என்ன செய்வது என்று தெரியாது. அளந்த பிறகு பொருள் தேடினால், ஏற்கெனவே நம்பியதற்குத் தக்கபடி மனம் எண்ணை வளைத்துக்கொள்ளும். முன்கூட்டியே சொல்லிவிட்டால் வளைக்க முடியாது. வந்தாலும் வராவிட்டாலும் அடுத்துச் செய்வது ஒன்றே என்றால், அந்த அளவீடு வீண் என்பதும் அவனுக்கே தெரிந்துவிடும்.

ஒரு சோதனை எதை விலக்குகிறது, எதை விலக்குவதில்லை என்பதும் இதில் அடங்கும். 500 வோல்ட் மெக்கரில் மோட்டாரின் மின்காப்பு நன்றாக இருப்பதாக வந்தால் "மோட்டார் சரி" என்பார்கள். சுற்றுக்கும் உடலுக்கும் இடையே கசிவு இல்லை என்பதை மட்டும்தான் அந்தச் சோதனை சொல்கிறது. ஒரே சுற்றுக்குள் அடுத்தடுத்த கம்பிகள் ஒட்டிக்கொண்டிருந்தால் அது காட்டாது. "மெக்கர் நன்றாக இருந்தது, ஆகவே இது விலகியது, இது மட்டும் இன்னும் விலகவில்லை" என்று சொல்லப் பழக்குங்கள்.

நடுவில் வெட்டு

எங்கள் ரிங் பிரேமின் 110 வோல்ட் கன்ட்ரோல் வரிசையில் எட்டுப் பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கின்றன: ஃபியூஸ், எமர்ஜென்சி பட்டன், முன்கதவு ஸ்விட்ச், பின்கதவு ஸ்விட்ச், ஓவர்லோடு ரிலேயின் 95-96 என்ற முனைகள், ஸ்டாப் பட்டன், ஸ்டார்ட் பட்டன், கடைசியில் கான்டாக்டரின் காயில் (கம்பிச்சுருள்). எங்கோ ஓரிடத்தில் அறுந்திருக்கிறது. முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஏழு முறை அளக்க நேரலாம். நான்காவதற்குப் பிறகு வைத்தால் ஒரே அளவீட்டில் பாதி விலகும். மிச்சத்தின் நடுவில் மறுபடி. பிறகு மறுபடி. மூன்றே அளவீடு. கதவு திறந்திருந்த இரவுக்கும் இதைப் போட்டுப் பாருங்கள். பின்கதவுக்குப் பிறகு: இல்லை. எமர்ஜென்சி பட்டனுக்குப் பிறகு: இருக்கிறது. முன்கதவுக்குப் பிறகு: இருக்கிறது. ஆகவே பின்கதவு. ஒரு நிமிட வேலை.

இதை மின்சாரம் ஓடும் பேனலில் கற்றுக்கொடுக்காதீர்கள். நான் ஒரு மரப்பலகை செய்திருக்கிறேன். 12 வோல்ட் பேட்டரி, ஒரு பல்ப், திருகாணிகளால் இணைத்த எட்டுத் துண்டு வயர். ஒரு துண்டுக்குள் மட்டும் மேலுறை கிழியாமல் செம்பைத் துண்டித்திருப்பேன். துண்டுகளை இடம் மாற்றிக்கொண்டே இருப்பேன். பலகை கைக்கு வருவதற்கு முன், 1 முதல் 100 வரை நான் நினைத்த எண்ணை ஏழு கேள்விகளில் கண்டுபிடிக்கும் விளையாட்டு. "50-க்கு மேலா?" என்று கேட்கத் தெரிந்துவிட்டால், பலகையில் நடுத்திருகாணிக்குக் கை தானே போகும். தேநீர் நேரத்தில் நடக்கும் விளையாட்டு என்பதால் பயமும் இல்லை. நோட்டு பிடிக்காத பையன்கள்கூடப் பலகையைத் தேடி வருகிறார்கள்.

எப்போதும் சரிநடுவில் வெட்ட வேண்டும் என்பதும் இல்லை. கதவு ஸ்விட்சுகள்தான் அடிக்கடி மக்கர் செய்யும் என்று நோட்டுகள் சொல்கின்றன என்றால் முதலில் அங்கே பார்ப்பதே அறிவு. ஆனால் இந்தச் சலுகை, முதலில் வெட்டத் தெரிந்தவனுக்குத்தான்.

வாசல் நனைந்திருந்தால்

மழை பெய்தால் வாசல் நனையும். சரி. வாசல் நனைந்திருக்கிறது, மழை பெய்ததா? கோலம் போட வாசல் தெளித்திருக்கலாமே. எந்தப் பையனிடம் கேட்டாலும் சிரித்துக்கொண்டே இதைச் சொல்வான். அடுத்த நிமிடமே, "ஓவர்லோடு டிரிப் ஆகியிருக்கிறது, ஆகவே ஒரு ஃபேஸ் போயிருக்கிறது" என்பான். ஒரு ஃபேஸ் போனால் டிரிப் ஆகும், உண்மை. டிரிப் ஆக வேறு வழிகளும் உண்டு: பேரிங் இறுகியிருக்கலாம், பெல்ட் மிகையாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கலாம், மின்னழுத்தம் குறைந்திருக்கலாம், ரிலேயின் முனையில் திருகாணி தளர்ந்து சூடேறியிருக்கலாம்.

நான் "வாசல்" என்று மட்டும் சொல்வேன். எங்கள் பணிமனையில் அது ஒரு குறிச்சொல்லாகவே ஆகிவிட்டது. உடனே அவன் நின்று, வேறு யார் தண்ணீர் தெளித்திருக்கலாம் என்று குறைந்தது மூன்று காரணங்களை வலப்பக்கத்தில் எழுதுவான். மூன்று என்று எண்ணைச் சொல்லிவிடுவது முக்கியம். "வேறு என்ன இருக்கலாம்?" என்று பொதுவாகக் கேட்டால் ஒன்றோடு நின்றுவிடுவார்கள்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுவதும் அடிக்கடி நடக்கும். பேனலைக் காற்றடித்துத் துடைத்தான், மறுபடி போட்டான், ஓடியது. நோட்டில் "தூசி காரணம்" என்று எழுதினான். துடைக்கும்போது கதவை ஆட்டினான், ஒரு பிளக்கை அழுத்தினான், பத்து நிமிடம் போனதால் சூடான ரிலே ஆறியது. எது காரணம்? இதற்கு நான் வைத்த விதி: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. பொருளை மாற்றி ஓடினால், ஆபத்து இல்லாத இடத்தில், பழையதை மறுபடி போட்டுப் பார். கோளாறும் திரும்ப வந்தால்தான் அது குற்றவாளி. உற்பத்தி மேற்பார்வையாளர்கள் இதற்கு முகம் சுளிப்பார்கள். நான் வாதாடுவேன். இரண்டு நிமிடம் இப்போது போகலாம். அதே கோளாறு அடுத்த இரவு திரும்பி வரக் கூடாது.

பூஜ்யத்தை நம்பாதே

இதை எழுதும்போது என் கை கொஞ்சம் நடுங்குகிறது. நான் முன்பு வேலை பார்த்த ஓர் ஆலையில், மீட்டர் பூஜ்யம் காட்டியது என்று ஒரு தோழர், பேனலுக்குள் மின்சாரம் கொண்டுசெல்லும் உலோகப் பட்டையான பஸ்பாரில் கை வைத்தார். மீட்டரின் வயர் உள்ளே அறுந்திருந்தது. உயிர் பிழைத்தார், வலக்கையின் இரண்டு விரல்கள் இன்றும் மடங்குவதில்லை.

பூஜ்யத்துக்கு இரண்டு பொருள். மின்சாரம் இல்லை, அல்லது மீட்டர் வேலை செய்யவில்லை. இரண்டாவதை விலக்காமல் முதலாவதை நம்ப ஒருவருக்கும் உரிமையில்லை. ஆகவே, மின்சாரம் இருப்பதாக உறுதியாகத் தெரிந்த ஓரிடத்தில் முதலில் மீட்டரை வைத்துப் பார். பிறகு வேலை செய்யப்போகும் இடத்தில் வை. பிறகு மறுபடி முதல் இடத்தில் வை. மூன்றும் முடிந்த பின்தான் கை. மின்சாரத்தைத் துண்டிக்கும் ஐசொலேட்டரை அணைத்துப் பூட்டிச் சாவியை உன் சட்டைப் பையில் வைத்திருப்பதும் இதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். இந்த மூன்று படிகளைப் பாதுகாப்பு விதியாக மனப்பாடம் செய்யவைத்தால் அவசரத்தில் மறந்துபோகும். தருக்கமாகப் புரியவைத்தால் மறக்காது. "பூஜ்யம் என்றால் எத்தனை பொருள்?" என்று நான் எப்போது கேட்டாலும் பதில் உடனே வர வேண்டும். இந்த ஒன்றில் நான் கண்டிப்பானவன்.

பேசும் முறை

"ஏன் இப்படிச் செய்தாய்?" என்ற கேள்வியை விட்டுவிட்டேன். நம் ஊரில் அது கேள்வியே அல்ல, திட்டு. எந்தப் பையனும் உடனே தலையைக் குனிந்துகொள்வான். "எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று கேளுங்கள். அதில் குற்றம்சாட்டல் இல்லை; சான்று எங்கே என்ற விசாரணை மட்டும் இருக்கிறது. கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். எனக்கு மிகக் கடினமானது இதுதான். விடை நுனிநாக்கில் இருக்கும். சொல்லிவிட்டால் இயந்திரம் ஓடும், பையன் அப்படியே நிற்பான்.

ஆனால் இயந்திரம் நின்று, மேற்பார்வையாளர் தலைமேல் நிற்கும்போது பாடம் நடத்தாதீர்கள். அப்போது மீட்டர் என் கையில். நான் ஒவ்வொரு அடியையும் உரக்கச் சொல்லிக்கொண்டே செய்வேன்: "இங்கே வந்தால் இது, வராவிட்டால் அது." அவன் பார்ப்பான். பிரேம் ஓடிய பிறகு இருவரும் தேநீரோடு உட்கார்ந்து நோட்டைத் திறப்போம். நான் எங்கே தவறாக நினைத்தேன் என்பதையும் அந்த நோட்டில் எழுதச் சொல்வேன். அண்ணாவும் நான்கு முறை நினைத்து மூன்று முறை திருத்திக்கொள்கிறார் என்று தெரிந்தால், "தெரியவில்லை" என்று சொல்ல அவனுக்கும் துணிவு வரும்.

அதிகாலை 3 மணிக்கு நடந்த தவற்றை வைத்து யாரையும் எடைபோடாதீர்கள். அந்த நேரத்தில் எனக்கும் தலை ஓடாது.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒடிசாவிலிருந்து வந்த ஓர் இளைஞன் இரண்டு மாதம் ஊமைபோல் நின்றான். தமிழில் கேட்டால் தலையாட்டுவான், தவறாகச் செய்வான். லாஜிக் இல்லாதவன் என்று முத்திரை குத்திவிட்டார்கள். அவனையும் அவன் ஊர்க்காரன் ஒருவனையும் பலகைக்கு முன்னால் உட்காரவைத்து, "உங்கள் மொழியிலேயே பேசிக்கொள்ளுங்கள்" என்றேன். ஒடியாவில் இருவரும் கடுமையாக வாதாடினார்கள். நான்காவது திருகாணியில் விரல் வைத்தான். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை; ஆனால் விரல் போன வழி புரிந்தது. அன்றிலிருந்து அவன் நோட்டு ஒடியாவில்தான் இருக்கிறது. லாக் புத்தகத்துக்கு மட்டும் ஊர்க்காரன் தமிழில் எழுதிக்கொடுக்கிறான்.

லாக் புத்தகத்தில் "சரிசெய்யப்பட்டது" என்ற சொல்லுக்குத் தடை. என்ன அறிகுறி, எதை எல்லாம் விலக்கினாய், எது காரணம், அதற்குச் சான்று என்ன என்று நான்கு வரி எழுத வேண்டும். சான்று இல்லை என்றால் "சான்று இல்லை, ஆனால் ஓடுகிறது" என்று எழுதலாம். அந்த வரியை நான் மதிக்கிறேன். அடுத்த ஷிப்ட்காரனுக்கு அது எச்சரிக்கை.

எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்பார்கள். என்னிடம் வந்தவர்களில் சிலருக்கு ஒரு மாதம், பலருக்கு மூன்று மாதம். இருவருக்கு வரவே இல்லை. ஒருவன் இன்று ஸ்டோரில் மிகச் சிறப்பாக வேலை பார்க்கிறான். மற்றவன் மோட்டார் சுற்றும் பட்டறை வைத்திருக்கிறான், கை அவ்வளவு சுத்தம். கோளாறு தேடுவது எல்லாருக்கும் உரிய வேலை என்று நான் நினைக்கவில்லை. அவர்களை வைதுகொண்டே வைத்திருப்பதைவிட உரிய இடம் தேடிக்கொடுப்பது மூத்தவனின் கடமை.

இரவு ஷிப்டை ஒருவனிடம் தனியாக ஒப்படைப்பதற்கு முன் நான் பார்ப்பது ஒன்றுதான். மூன்று வேறு வேறு கோளாறுகளில், நான் கேட்காமலேயே, "இன்னும் தெரியவில்லை அண்ணா, அதனால் அடுத்து இதைப் பார்க்கப்போகிறேன், வந்தால் இது, வராவிட்டால் அது" என்று அவன் சொல்ல வேண்டும். மூன்றாவது முறை சொன்ன அன்று மாலை ஸ்டார்ட்டர் அறையின் சாவியைக் கொடுத்துவிடுவேன். கதவு திறந்திருந்த இரவின் பையனுக்கு அதை நான் கொடுத்தது ஐந்தாவது மாதத்தில். இப்போது அவனுக்குக் கீழே இருவர் இருக்கிறார்கள். மரப்பலகையும் அவனிடம்தான் இருக்கிறது.